மூன்று டிஸ்சார்ஜும் ஒரு சீன எழுத்தும்

எங்கள் மேனேஜருக்கு ஆங்கிலத்தின் மேல் இருந்த காதல் துறைமுகம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆங்கிலத்துக்கு அவர் மேல் அப்படி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. வந்துபோகும் சரக்குக் கப்பல்களுக்கு ஏஜெண்டாக இருந்த ஒரு சின்னக் கம்பெனி அது. வெள்ளைக்காரர்கள் நாட்டைவிட்டுப் போனபோது எங்கள் ஆபீஸ் துரையும் போனார். அவருடைய நாற்காலி, மேஜை விசிறி, குடை மாட்டும் ஸ்டாண்டு இவற்றோடு சேர்த்து அவருடைய ஆங்கிலமும் தனக்கு வந்துவிட்டதாக மேனேஜர் நம்பினார். நாற்காலி உண்மையிலேயே வந்திருந்தது.

நான் அங்கே டைப்பிஸ்ட். ராயபுரத்தில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். ஆங்கிலத்திலேயே பாவசங்கீர்த்தனம் செய்யும் அளவுக்கு அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொள்ளும்படியான பாவம்தான் அப்போது கைவசம் இல்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. மேனேஜர் எழுதுவதை டைப் அடிப்பேன். அவருக்குத் தெரியாமல் எழுத்துப்பிழைகளைத் திருத்துவேன். பிறகு என் டைப்பிங்கில் பிழை என்று அவர் பழையபடி மாற்றுவார். இப்படி இருவரும் ஒற்றுமையாகத்தான் இருந்தோம்.

ஐம்பதுகளின் தொடக்கம். ஊரில் அரிசிக்குப் பஞ்சம். ரங்கூனிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு ஒரு பழைய கப்பல் வந்தது. கேப்டன் ஸ்காட்லாந்துக்காரர். வேலையாட்கள் எல்லாரும் ஹாங்காங்கில் சேர்ந்த சீனர்கள். அவர்களில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒரே ஒருவர், இரண்டாம் சமையல்காரர். கேப்டன் சொல்வதை மற்றவர்களுக்குச் சொல்வதும் அவர்தான். கப்பல் வந்த அன்றைக்கே அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். தான் சமைத்ததைத் தானே சாப்பிட்டதுதான் காரணம் என்றார் கேப்டன்.

கப்பல் கரையை ஒட்ட இடம் கிடைக்காமல் நடுத்தண்ணீரில் சில நாட்கள் நின்றது. ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் படகு பிடித்து ஊர் சுற்றப் போனார்கள். கடைசியில் இடம் கிடைத்தது. மறுநாள் காலை அரிசி இறக்க வேண்டும், எல்லாரும் தயாராக இருக்க வேண்டும், சமையல்காரர் குணமாகித் திரும்பி வருகிறார், இனி கேட்காமல் இறங்கிப் போனால் வேலை போகும். இவ்வளவையும் சீனத்தில் எழுதி ஒட்ட வேண்டும், யாரையாவது பிடியுங்கள் என்று கேப்டன் எங்கள் ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினார்.

முதலில் ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டுமே. காலை முழுவதும் மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். தந்தி கொடுத்துக் கொடுத்துச் சொற்களைச் சிக்கனம் பிடிக்கும் பழக்கம் அவருக்கு. வெளியே வந்தபோது கையில் இருந்த காகிதத்தில் இருந்தது இதுதான்: நாளைக் காலை டிஸ்சார்ஜ் தொடங்கும், எல்லாரும் தயாராக இருக்கவும். இரண்டாம் சமையல்காரர் டிஸ்சார்ஜ் ஆனார், கப்பலுக்கு வருவார். அனுமதியின்றி இறங்குபவர் டிஸ்சார்ஜ் செய்யப்படுவார்.

மூன்று டிஸ்சார்ஜுக்கும் அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"சார், ஒரே சொல் மூணு தடவை வருதே," என்றேன்.

"அதுதாம்மா ஸ்டைல். சீனத்துலயும் அந்தச் சொல்லுக்கு அடியில கோடு போடச் சொல்லு."

சீனத்துக்கு எங்கே போவது என்று எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சீனப் பல் டாக்டர் இருந்தார். யுத்தத்துக்கு முன்பே வந்து குடியேறியவர். ஈறும் பல்லுமாக ஒரு பெரிய வாயைப் பலகையில் வரைந்து வாசலில் மாட்டியிருப்பார். கைக்குழந்தைகள் அதைப் பார்த்து அழும். அவருடைய முன்பல் இரண்டும் தங்கம். அழகுக்கு இல்லை, விளம்பரத்துக்கு. என் அப்பாவுக்குப் பல்செட் கட்டிக்கொடுத்தவரும் அவரே. பூசையில் அப்பா 'ஆமென்' சொல்லும்போது அந்தப் பற்கள் தனியாக ஒரு 'ஆமென்' சொல்லும்.

தமிழை அவர் நோயாளிகளிடமிருந்து கற்றவர். அதனால் அலறலும் வசவும் அவருக்குச் சுத்தமாக வரும். மற்றதெல்லாம் அசல் ராயபுரம்.

"இன்னா தங்கச்சி, நைனா பல்லு மறுபடி கயண்டுகினு வந்துடுச்சா?"

"அது இல்லண்ணே. இத்த சீனத்துல எழுதணும். கப்பல்ல ஒட்டறதுக்கு."

காகிதத்தை வாங்கி, சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்த சில சொற்களில் அது ஒன்றாக இருந்தது.

"டிஸ்சார்ஜ். இது எனக்குத் தெரியுமே. சீழு. ஆஸ்பத்திரி டாக்டரு சீட்டுல எழுதி அனுப்புவாரு, வாய்ல ஒரே டிஸ்சார்ஜின்னு." மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல சீழு ஆரம்பிக்கும்னு எதுக்கு நோட்டீசு?"

நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலாவது, சரக்கு இறக்குவது. இரண்டாவது, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவது. மூன்றாவது, வேலையைவிட்டு நீக்குவது.

"ஒரே வார்த்தய வெச்சிகினு இத்தினி வேல வாங்கறானா வெள்ளக்காரன். சரியான கஞ்சன்," என்றார். பிறகு மை அரைத்து, பெரிய தாளை விரித்து, தூரிகையால் அழகாக எழுதினார். மூன்று இடத்திலும் மூன்று வேறு வேறு எழுத்துகள். மேனேஜர் கேட்டபடி அவற்றுக்கு அடியில் கோடும் போட்டார்.

கப்பலாட்கள் எல்லாரும் தெற்குச் சீனத்துக்காரர்கள், தான் நடுச்சீனம் என்றும் சொன்னார். "அவங்க பேசறது எனக்குப் பிரியாது. நான் பேசறது அவங்களுக்குப் பிரியாது. ஆனா எய்துனா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

நான் தாளைக் கொண்டுபோய் மேனேஜரின் மேஜை மேல் விரித்தேன். அவர் ஆங்கிலத்தை இந்தப் பக்கம் வைத்தார், சீனத்தை அந்தப் பக்கம் வைத்தார். கோடு போட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மாறியது.

"என்னம்மா இது? மூணும் வேற வேற மாதிரி இருக்கு."

"அர்த்தம் வேற வேற சார்."

"சொல் ஒண்ணுதானே? நான் ஒரே சொல்லைத்தானே எழுதினேன்? ஒரே சொல் எப்படி மூணு தினுசா வரும்? தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அந்த ஆள் என்னத்தையோ கிறுக்கிக் கொடுத்திருக்கான்."

"சார், தமிழ்ல எழுதினாக்கூட மூணு சொல்தான் சார் வரும்."

"தமிழை விடு. நம்ம கம்பெனி சீல் போட்டுப் போற காகிதம் இது. சீனத்துலயும் ஒரே எழுத்தா இருக்கணும். போய் மாத்தி வாங்கிட்டு வா."

அவருக்குச் சீனத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் இரண்டு எழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக் கண் போதுமல்லவா. மொழி தெரியாதவன் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க அதைத் தவிர வேறு வழியில்லை என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கோபம் வந்தது. கூடவே, இது எங்கே போய் முடிகிறது பார்க்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு குஷியும் வந்தது.

நான் திரும்பிப் போனபோது டாக்டரின் நாற்காலியில் திருவொற்றியூர் மில் தொழிலாளி ஒருவர் வாய் நிறையப் பஞ்சோடு மல்லாந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கிறுக்குனேன்னா சொன்னாரு?" டாக்டர் குறடைத் தட்டில் போட்டார். "எங்கப்பா என்ன அடிச்சி அடிச்சி எய்தக் கத்துக்குடுத்தாரு. ஒங்க சாருக்கு ஒரு நாளு பல்லு வலிக்காம பூடுமா?"

"இப்ப இன்னாண்ணே பண்றது?"

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு மைக்கல்லை இழுத்தார். "ஒண்ணு கீது. எங்க பாஷையில அதுக்கு 'வுடு'ன்னு அர்த்தம். கைதிய வுடறது, பட்டம் வுடறது, இஸ்கூலு வுடறது, வெடி வுடறது, எல்லாத்துக்கும் அந்த ஒரே எய்த்துதான்."

"நம்ம தமிழ்லயும் அப்டித்தாண்ணே. மூச்சு வுடறோம், பஸ் வுடறோம், கத வுடறோம்."

நாற்காலியில் இருந்தவர் பஞ்சை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "குசு வுடறதுக்கு?" என்றார்.

"அதுக்கும் அதான்," என்றார் டாக்டர். "வாயத் தொறக்காத, பஞ்சு கீய வுழும்."

புதுத் தாளில் எழுதி முடித்து, தமிழில் எனக்குப் படித்துக் காட்டினார். நாளைக் காலையிலிருந்து விடுவோம், எல்லாரும் தயாராக இருங்கள். இரண்டாம் சமையல்காரனை விட்டாயிற்று, கப்பலுக்கு வருவான். கேட்காமல் இறங்குகிறவனையும் விடுவோம்.

"பேஜாரா கீதேண்ணே," என்றேன்.

"பேஜாருதான். மூணும் ஒண்ணா கீதா பாரு. அவுருக்கு அதானே வோணும்."

மேனேஜருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இப்பப் பாரு, எவ்வளவு நீட்டா இருக்கு," என்று என்னிடம் காட்டினார். தன் கையாலேயே கம்பெனி சீலை அழுத்திக் குத்தினார். மாலைக்குள் அது கப்பலில் ஒட்டப்பட்டது.

அன்று இரவே கப்பல் கரையை ஒட்டிவிட்டது. மறுநாள் காலை நான் ஆபீசில் நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. கேப்டன். துறைமுக ஆபீசிலிருந்து பேசினார். தனக்கு இன்னும் காப்பி வரவில்லை என்று தொடங்கினார். அப்புறம்தான் மற்றது வந்தது. ஒருவரும் வேலை செய்யவில்லை. அடுப்பு எரியவில்லை. அரிசிக் கிடங்கின் மூடியை யாரும் திறக்கவில்லை. எல்லாரும் பெட்டி படுக்கையோடு மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மேனேஜரும் நானும் புறப்பட்டோம். டாக்டரையும் வழியில் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டோம். கரையில் மூட்டை தூக்க வந்த நம்மூர் ஆட்கள் நிழலில் உட்கார்ந்து ஆடுபுலியாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் ஏற ஒரு சாய்வுப் படி தொங்கியது. மேனேஜர் அதைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். படி ஆடியது. கரையில் ஒரு பொறுப்பான ஆள் இருக்க வேண்டியது எவ்வளவு அவசியம் என்பது அவருக்கு அந்த நிமிஷத்தில் ஞாபகம் வந்தது.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஏறினேன்.

"பாத்து ஏறும்மா, பொடவ தடுக்கும்," என்று கீழேயிருந்து ஒரு குரல். "அந்தக் கோட்டுப் போட்ட ஆள ஏத்தி வுடேன், நீ ஏன் ஏறுற," என்று இன்னொரு குரல். நான் மேலே கால் வைத்ததும் கை தட்டினார்கள். பின்னால் டாக்டர் தன் கருவிப் பெட்டியோடு ஏறி வந்தார். அது எதற்கு என்று கேட்டேன். கப்பலில் எவனுக்காவது பல் வலி இருக்கும் என்றார்.

மேல்தளத்தில் சீனர்கள் வரிசையாகப் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் குளித்துத் தலை வாரி, வெளியே போகும் உடுப்பில் இருந்தார்கள். ஒருவர் மடியில் குருவிக் கூண்டு. கேப்டன் சவரம் செய்யாத முகத்தோடு நடுவில் நின்றார். ஆட்களின் தலைவர் என்று தெரிந்த ஒரு பருமனான மனிதர், சுவரிலிருந்து கிழித்த எங்கள் நோட்டீசைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஏதோ சொன்னார். டாக்டருக்குப் புரியவில்லை. டாக்டர் பதில் சொன்னார். அந்த உச்சரிப்பைக் கேட்டு அத்தனை பேரும் சிரித்தார்கள். டாக்டரின் காது சிவந்துவிட்டது. பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, இரும்புத் தரையில் குந்தி எழுதத் தொடங்கினார். தலைவரும் எதிரே குந்தினார். இரண்டு பேரும் மாறி மாறி எழுதினார்கள். சுற்றி நின்றவர்கள் தலையை நீட்டிப் படித்தார்கள்.

டாக்டர் எழுந்து எனக்குச் சொன்னார். "இவங்க சொல்றது இன்னான்னா, மொதல்ல வயித்து வலின்னு சொல்லி சமையல்காரன இட்டுகினு பூட்டீங்க. அப்பால அவன வுட்டுட்டோம்னு எய்தி ஒட்டிட்டீங்க. இப்போ மிச்ச பேரையும் வுடப் போறோம்ன்றீங்க. சரி, வுடுங்க. ஆனா சம்பளத்தக் குடுத்து ஊருக்கு டிக்கிட்டு வாங்கிக் குடுங்க. அதுவரிக்கும் ஒரு துரும்பக் கூட நவுத்த மாட்டோம்."

நான் இதைக் கேப்டனுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர், "நான் யாரையும் டிஸ்சார்ஜ் செய்யவில்லை. டிஸ்சார்ஜ் செய்ய வேண்டியது அவர்கள்தான்," என்றார்.

டிஸ்சார்ஜை மட்டும் மாற்றாமல் அதை நான் அப்படியே தமிழில் சொன்னதும் டாக்டர் கேப்டனை மேலும் கீழும் பார்த்தார். "இவங்க அவர வேலைய வுட்டுத் தூக்கணும்ன்றாரா?"

"இல்லண்ணே. அரிசி எறக்கணும்ன்றாரு."

"அப்ப அத்த சொல்லு. அந்த வார்த்தய இனிமே என் காதுல போடாத."

சாக்பீஸால் சரியான எழுத்துகளைப் போட்டார். கூட்டத்தில் சலசலப்பு. தலைவர் நிதானமாகப் படித்துவிட்டு நோட்டீசைக் காட்டினார், தரையைக் காட்டினார், ஏதோ எழுதினார். டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"சீலு குத்தின பேப்பர நம்பறதா, தரையில சாக்பீஸ்ல எய்தனத நம்பறதான்னு கேக்கறாரு. நாயமாத்தான் கேக்கறாரு."

நான் கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்து, சீல் வேண்டுமாம் என்று மேனேஜருக்குச் சொன்னேன். அவர் காதில் கையை வைத்து, "சீழா?" என்றார். மேலே யாருக்கோ காயம் என்று நினைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்கு ஆள் அனுப்பினார்.

அந்த நேரத்தில்தான் கரையில் இன்னொரு ரிக்‌ஷா வந்து நின்றது. ஒல்லியான ஒரு சீனர் இறங்கினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் சமையல்காரர். அவரைப் பார்த்ததும் பெட்டிகள் மேலிருந்த அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். ஏறி வந்தவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தலைவர் நோட்டீசை அவர் கையில் கொடுத்தார்.

அவர் படித்தார். முதலில் உதடு துடித்தது. பிறகு நெடுநேரம் சிரித்தார், வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு. அப்புறம் தன் ஆட்களிடம் அவர்கள் பேச்சில் ஏதோ சொன்னார். இரண்டு வாக்கியம்தான் இருக்கும்; அதில் 'டிஸ்சார்ஜ்' என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. தளமே சிரிப்பில் அதிர்ந்தது. வெட்கத்தோடு பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சற்று நேரத்தில் புகைபோக்கியில் புகை தெரிந்தது. கிடங்கின் மூடி திறந்தது. கரையில் ஆடுபுலியாட்டம் பாதியில் கலைந்தது.

சமையல்காரரும் உள்ளே போனார். கேப்டன் காப்பி வரும் என்று காத்திருந்தார். ஆனால் சமையல்காரர் வெளியே வந்தபோது கையில் இருந்தது காப்பி இல்லை, அவருடைய பெட்டி.

"எங்கே போகிறாய்?" என்றார் கேப்டன்.

"என்னை விட்டாயிற்று என்று எழுதியிருக்கிறதே ஐயா. சீல்கூட இருக்கிறது."

"அது தப்பான மொழிபெயர்ப்பு."

"அவர்களுக்குத் தப்பு. எனக்கு அது சரியாகத்தான் இருக்கிறது," என்றார் அவர். குரலில் குறும்பு இல்லை. சின்ன வயதிலிருந்தே கடலில் இருப்பதாகவும், இன்றுவரை ஒவ்வொரு பயணத்திலும் வாந்தி எடுப்பதாகவும், சமைப்பது தனக்குச் சுத்தமாகப் பிடிக்காது என்றும் சொன்னார். கல்கத்தாவில் சித்தப்பா மகன் செருப்புக் கடை வைத்திருக்கிறானாம். போக வேண்டும், போக வேண்டும் என்று பல வருஷமாக நினைத்ததுண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து ஆடாத கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரும்பிப் போக மனசே வரவில்லையாம்.

கேப்டன் யோசித்தார். சட்டத்தை யோசித்தாரா, அந்த மனிதரின் சூப்பை யோசித்தாரா, எனக்குத் தெரியாது. கடைசியில், "போ," என்று சொல்லிக் கையை நீட்டினார். இருவரும் கைகுலுக்கினார்கள்.

அப்படியெல்லாம் சட்டென்று போய்விட முடியாது. கப்பல் வேலையிலிருந்து முறைப்படி நீங்க ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும்; அதற்குப் பெயரும் டிஸ்சார்ஜ்தான். போலீசில் பதிய வேண்டும். இரண்டுக்கும் அவரோடு அலைந்தவள் நான். அதுவரை அவர் டாக்டரின் வீட்டுப் பின்னறையில் தங்கினார். தங்க இடம் கொடுத்தவருக்குக் கைம்மாறாகத் தினமும் சமைத்துப் போட்டார். மூன்றாம் நாளே டாக்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பெத்தவங்க புண்ணியத்துல எனக்கு ஒரு வயிறுதான் கீது, அக்கா," என்று என் அம்மாவிடம் சொன்னார்.

அம்மா இரண்டு பேருக்கும் தட்டு வைத்தாள். வஞ்சிரம் இல்லை, சங்கரா மீன் குழம்புதான். சமையல்காரர் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். அப்பாவும் அவரும் ஒரு சொல்கூடப் பொதுவில் இல்லாமல் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இடையில் அப்பா பல்செட்டைக் கழற்றிக் காட்டினார். அவர் மரியாதையோடு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மேனேஜருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒரு வேலைநிறுத்தத்தைச் சமயோசிதமாக முறியடித்ததாகத் தலைமை ஆபீசுக்கு எழுதினார். அதை டைப் அடித்தவள் நான்தான். அங்கிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. எல்லாரையும் நிற்க வைத்துப் படித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கம்பெனிக்கு உபயோகமாக இருக்கும், நீ சீனம் கற்றுக்கொள் என்றார். நான் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு மனுப் போட்டேன். மழைக்காலம் வருவதற்குள் அங்கே போய்விட்டேன்.

கல்கத்தா ரயிலுக்கு நானும் டாக்டரும்தான் வழியனுப்பப் போனோம். சமையல்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி நகர்ந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயைப் பொத்தினார். ரயிலும் ஆடும் என்பதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து டாக்டருக்கு அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அப்பாவின் பல்லைச் சரிபார்க்கப் போயிருந்தபோது படித்துச் சொன்னார்.

"செருப்பு தெக்கிறானாம். சௌக்கியமா கீறானாம். வூட்டுல சித்தப்பன் மருமவதான் சமைக்குதாம், இவன அடுப்பாண்ட வுடறதே இல்லியாம்."

"அவருக்கு நல்லதாப் போச்சு," என்றேன்.

"கல்கத்தாவுக்கும்தான்," என்று சொல்லிவிட்டு, டாக்டர் அப்பாவை வாயைத் திறக்கச் சொன்னார்.